48 மணி நேரப் பொறுமை

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. சென்ற ஜூன் திங்களில் நம் மன்றத்தாரும் பொறுத்துப் பார்த்தோம். பூமி கிடைக்கவில்லை, வரவேண்டிய அஞ்சலும் போயிற்று.

நடந்தது இதுதான். மன்றத்தின் இணையதளத்தைப் பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றினோம். வாடகை மிச்சம் என்பது காரணம், அது தவறன்று. கோப்புகளை ஏற்றினோம், நேம் சர்வரை மாற்றினோம். மறுநாள் நூலகத்துக் கணிப்பொறியில் புதிய தளம் தெரிந்தது. என் கைப்பேசியிலோ பழையதே தெரிந்தது. புதிய நிறுவனத்தாரைக் கேட்டோம். "48 மணி நேரம் பொறுங்கள், உலகெங்கும் பரவ வேண்டும்" என்றார்கள். பொறுத்தோம். எல்லோருக்கும் புதிய தளம் தெரியலாயிற்று. வேலை முடிந்ததென்று கலைந்து போனோம்.

ஜூலையில், நம் பல்கலைக்கழகத்தில் சேர ஊரிலிருந்து வந்த மாணவி ஒருவர், இரவு 11 மணிக்கு ரயில் நிலையத்தில் பெட்டியும் கையுமாக நின்றார். இந்தி தெரியாது. அழைத்துப்போக ஆள் வேண்டுமென்று மன்றத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு மூன்று முறை எழுதியிருந்தார். ஒன்றுகூட நம்மை வந்தடையவில்லை. தளம் தெரிந்தது, அஞ்சல் தொலைந்தது. எப்படி?

முதலில் அந்தப் "பரவுதல்" என்ற சொல்லை ஒதுக்கிவிட வேண்டும். எதுவும் எங்கும் பரவுவதில்லை. விடுதிக் காவலரை எண்ணிப் பாருங்கள். உங்கள் அறை எண்ணை ஒருமுறை அலுவலகத்தில் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்கிறார். நீங்கள் அறை மாறினாலும், சீட்டைத் தூக்கி எறியும் நாள் வரும்வரை பழைய அறைக்கே வழிகாட்டுவார். இணையத்திலும் அப்படியே. பெயருக்குரிய முகவரியை ஒருமுறை கேட்டறிந்த கணிப்பொறி, குறித்த விநாடிகள் வரை அதை நினைவில் வைத்திருக்கும். 86400 என்று நாம் எழுதியிருந்தால் ஒரு நாள். 300 என்றால் ஐந்தே நிமிடம். மாற்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பே அந்த எண்ணைக் குறைத்து வைத்திருந்தால் நமக்கு இத்தனை குழப்பம் இராது. 48 மணி நேரக் கணக்கும் வெறும் கற்பனையன்று. டாட் காம் பெயர்களுக்கு எந்த நேம் சர்வர் பொறுப்பு என்று மேலிடத்துச் சர்வர்கள் சொல்லும் விடைக்கு 172800 விநாடி ஆயுள். ஆனால் ஆயுள் முடிந்தபின் பழைய சீட்டுத்தான் ஒழியும். எழுதாமல் விட்டது தானாக எழுதப்பட்டுவிடுமா?

நாம் எழுதாமல் விட்டது எம்.எக்ஸ். என்னும் குறிப்பு. அஞ்சலை எந்தச் சர்வரிடம் சேர்க்க வேண்டும் என்று சொல்வது அது. பழைய நேம் சர்வரில் இருந்தது. புதியதில் யாரும் எழுதவில்லை. அக்குறிப்பு இல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் தளம் இருக்கும் கணிப்பொறிக்கே அஞ்சலைக் கொண்டு போகும். நம் கதையில் அக்கணிப்பொறி அதை வாங்கி, யாரும் திறவாத ஒரு பெட்டியில் போட்டு வைத்தது. ஆகவே எழுதியவருக்கும் திரும்பி வரவில்லை. பின்னர் திறந்து பார்த்தபோது 14 கடிதங்கள் இருந்தன.

பொறுமை வேண்டிய இடம் எது என்று அறிய மூன்று கேள்விகள் போதும். மேலிடத்துச் சர்வர்கள் நம் பெயருக்கு எந்த நேம் சர்வரைச் சொல்கின்றன? அந்த நேம் சர்வரையே நேராகக் கேட்டால் தளத்துக்கும் அஞ்சலுக்கும் என்ன விடை தருகிறது? நம் விடுதி இணைப்பு என்ன சொல்கிறது? 'டிக்' என்னும் கட்டளையோ 'என்.எஸ்.லுக்அப்' என்பதோ இவற்றை ஐந்து நிமிடத்தில் கேட்டுச் சொல்லும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் மாறுபட்டால், பொறுக்கலாம். முதல் இரண்டில் பிழை இருந்தால் நாள் கணக்கில் பொறுத்தும் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். மன்றத்தின் டொமைன் பெயர் மன்றத்தின் பேரில் இல்லை. நான்காண்டுகளுக்கு முன் படித்துச் சென்ற அண்ணன் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் பதிந்தது. நேம் சர்வரை மாற்ற, இரவுப் பணியில் இருந்த அவரை எழுப்பாத குறையாக அழைத்து, அவர் கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கினோம். அவர் நல்லவர்; ஒருமுறையும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒருவர் நல்லவராயிருப்பது ஓர் ஏற்பாடு ஆகாது. அவர் எண் மாறினால் என் செய்வோம்?

ஒரு காலத்தில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அதைப் பேணினர். கணிப்பொறிகள் பெருகவே அது தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த புதுமுறையில், அவரவர் பெயரை அவரவரே பேணும் பொறுப்பு வந்தது. நம் பொறுப்பை நாம் படித்து முடித்துப் போனவரிடம் விட்டு வைத்திருக்கிறோம்.

செயற்குழு மாறும்போது கணக்குப் புத்தகத்தையும் ரசீதுக் கட்டையும் எண்ணிக் கொடுக்கிறோம். டொமைன் கணக்கையும், நேம் சர்வரில் உள்ள குறிப்புகள் அனைத்தின் படியையும் அவ்வாறே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த மாணவியைக் கேட்டேன். தேர்வு முடியட்டும் என்றார்.