வானில் பறந்தவனும் கடைக்காரன்தான்!



ஒரு காலத்தில் நம் சங்கக் கூட்டம் என்றால் எடைக்கல் முத்திரை, விற்பனை வரி, சில்லறைத் தட்டுப்பாடு என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது நாலு பேர் கூடினால், "எனக்குப் பிறகு கடையை யார் பார்ப்பது? பையன் வரமாட்டேன் என்கிறானே" என்ற பேச்சுதான். கள்ளிக்குப்பத்திலும் புதூரிலும் அம்பத்தூர் கடைத்தெருவிலும் முப்பது, நாற்பது வருடம் நின்ற கடைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கதவு சாத்துவதைக் கண்ணால் காண்கிறோம். பெரிய அங்காடிகள் ஒரு பக்கம் நெருக்குகின்றன. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டு வரும் கம்பெனிகள் மறு பக்கம் நெருக்குகின்றன. இவற்றை எல்லாம் விடப் பெரிய ஆபத்து, "மளிகைக் கடை என்றால் பொட்டலம் கட்டுகிற வேலை" என்று நம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்ட எண்ணம்தான் என்பது என் கருத்து.

கடைக்காரனுக்கு என்ன பெருமை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஆகாய விமானம் வந்த கதையைச் சொல்லுங்கள்.

விமானத்தை முதலில் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் யார்? அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். கடையில் வந்த லாபத்தில்தான் ஆராய்ச்சி நடந்தது. இயந்திரத்தைச் செய்து கொடுத்தவர் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். அதே சமயம் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானிக்கு அந்நாட்டு அரசாங்கம் 50,000 டாலர் கொடுத்திருந்தது. அவருடைய விமானம் ஆற்றில் விழுந்தது. ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் செலவு செய்த சைக்கிள் கடைக்காரர்களின் விமானம் 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்தது. கடந்த தூரம் 120 அடி.

1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ, மோட்டார் வண்டிகளுக்கு முகப்பு விளக்கு செய்து விற்றவர். விளக்கு வியாபாரத்தில் சேர்த்த பணத்தை விமானத்தில் போட்டவர்.

அந்தச் செய்தி நம் சென்னைக்கு வந்தபோது அதைக் கேட்டுத் துள்ளி எழுந்தவர், மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர். தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்வித்து, 1910-ல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ஆசியாவிலேயே விமானத்தில் முதலில் பறந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆக, சைக்கிள் கடை, விளக்குக் கடை, ஓட்டல் கடை. மூன்றும் கல்லாப் பெட்டி வைத்து நடந்த வியாபாரம்தான்!

இனி, இதைக் குடும்பத் தொழிலாக்கியவர் கதை. ஜே.ஆர்.டி. டாட்டா 1904-ல் பாரிஸில் பிறந்தவர். சிறு வயதில் அவர் குடும்பம் கோடை விடுமுறைக்குச் செல்லும் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரில், மேலே சொன்ன பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. அங்கே விமானம் வந்து இறங்குவதைப் பார்த்த பையனுக்கு அன்று பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை. 1929-ல் இந்தியாவிலேயே முதல் ஆளாக விமானி உரிமம் பெற்றார்.

1930-ல் ஆகாகான் பரிசுக்காக இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டி நடந்தது. டாட்டா இங்கிருந்து போனார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் அங்கிருந்து வந்தார். வழியில் எகிப்து நாட்டில் ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். டாட்டா தம்மிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. அந்த ஆஸ்பி பின்னாளில் நம் விமானப் படைக்கே தளபதி ஆனார். பக்கத்துக் கடையில் சர்க்கரை தீர்ந்தால் நம் மூட்டையில் ஒன்றை அனுப்பிவிட்டு நாளை வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் இருந்தது. அது எங்கே போயிற்று?

1932-ல் டாட்டா நிறுவனம் 2 லட்சம் ரூபாய் முதலில் விமானத் தபால் தொழிலைத் தொடங்கியது. அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. தாமே ஒற்றை இயந்திர விமானத்தை ஓட்டி, ஆமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். ஆமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு விமானத்தைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். யோசனையே அவருடையதுதான். அவர் டாட்டா குடும்பத்தவர் அல்ல. முன்னாள் ராணுவ விமானி. பம்பாய் ஜூஹுவில் விமான இறங்குதளம் மழைக் காலத்தில் தண்ணீரில் முழுகிவிடும். அப்போது பூனாவுக்கு மாறிப் போய் வேலை நடத்தினார்கள். முதல் வருடத்தில் 155 பயணிகள், ஏறக்குறைய 10 டன் தபால், லாபம் 60,000 ரூபாய்.

பிறகு அது ஏர் இந்தியா ஆயிற்று. 1953-ல் அரசுடைமை ஆனது. அதன் பிறகும் 1978 வரை ஜே.ஆர்.டி.தான் தலைவர். தாம் பயணம் செய்யும்போதெல்லாம் இருக்கை சாய்கிறதா, தேநீரின் நிறம் சரியா, கவுண்டரில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புவாராம். 1982-ல், 78 வயதில், பழைய கராச்சி-பம்பாய் வழியில் மறுபடியும் தனியாக விமானம் ஓட்டினார். 1993-ல் மறைந்தார். 2022 ஜனவரியில் அந்த நிறுவனம் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் டாட்டாவிடமே திரும்பி வந்தது. அந்தச் சமயம் டாட்டா சன்ஸ் தலைவர் பொறுப்பில் இருந்தவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகரன்.

"அவர்கள் டாட்டா, நாம் யார்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் முதலுக்கும் அவர்கள் முதலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இந்தக் கதையில் நமக்கு எட்டுகிற சங்கதிகள் மூன்று இருக்கின்றன.

ஒன்று: டாட்டா குடும்பத்தின் பழைய தொழில் துணி ஆலையும் இரும்பும். விமானம் அந்தப் பையன் கொண்டுவந்த ஆசை. பெரியவர்கள் தயங்கினாலும் அளவான முதலைப் போட்டு வழி விட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? பையன் "மாவு, மசாலா நாமே அரைத்துப் பாக்கெட் போடலாம்" என்றால், "உனக்கு என்ன தெரியும், போய் சிட்டை எழுது" என்கிறோம். பெண் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி என்றாலும் கல்லாவில் உட்கார விடுவதில்லை. பிறகு வரவில்லை என்று புலம்பினால் எப்படி?

இரண்டு: குடும்பத்தில் ஆள் இல்லை என்றால் தொழில் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வின்சென்டுக்கும் சந்திரசேகரனுக்கும் அங்கே இடம் கிடைத்தது. பதினைந்து வருடமாக நம்மிடம் சரக்கு எடை போடும் தம்பிக்கு நாம் பங்கு தருவோமா? கடையைப் பூட்டி இடத்தை வாடகைக்கு விடுவதை விட, அவரைக் கூட்டாளி ஆக்கிக் கடையை நடத்துவது மேல் அல்லவா?

மூன்று: தாத்தா பெயர் போர்டில் இருப்பது மட்டும் போதாது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்தார்கள். அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் நிபுணர்கள். நாம் வேறொன்றை எண்ணிப் பார்க்கலாம். மூத்தவர்கள் சம்பாதித்த நம்பிக்கையை அடுத்த தலைமுறை தினமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. விமானத்துக்கும் அதுதான், நம் தராசுக்கும் அதுதான்.

ஆகவே உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் பொங்கல் முதல் அடுத்த பொங்கல் வரை, கடையில் ஒரு பகுதியை மகனிடமோ மகளிடமோ, நம்பிக்கையான வேலையாளிடமோ ஒப்படையுங்கள். எண்ணெய் வகையோ, பருப்பு வகையோ, வீட்டுக்குக் கொண்டு கொடுக்கும் ஆர்டரோ, எதுவாகவும் இருக்கட்டும். தனி முதல், தனிக் கணக்கு நோட்டு. நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய தொகையாகப் பார்த்துக் கொடுங்கள். கொள்முதல், விலை இரண்டையும் அவர்களே முடிவு செய்யட்டும். வாரம் ஒரு முறை கணக்கை மட்டும் பாருங்கள். வருட முடிவில் சங்கம் ஒரு கூட்டம் போட்டு, அந்தப் பிள்ளைகளையே மேடையில் பேச வைக்கட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.