டியூபுக்கு முன்னால் ஒரு பேனா

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன், எட்டு மாதம் கழித்துப் போன வாரம் மத்தியப் பிரதேசத்திலிருந்து திருச்செங்கோடு திரும்பினான். லுங்கியைச் சற்று ஒதுக்கி, "இதென்னங்க சார், போகவே மாட்டேங்குது" என்று தொடையைக் காட்டினான். தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல் வரிவரியாகக் கோடுகள். பையில் பாதி பிதுக்கிய டியூப். ஒரு மருந்துக் கடையில் கேட்டதுமே கொடுத்தார்களாம், சீட்டு கேட்கவில்லை.

அவனுக்கு வந்தது வெறும் படர்தாமரை. ஓரம் வட்டமாகத் தடித்து, பொருக்கு உதிர்ந்து, நடுவில் தெளிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு எட்ட நின்றே தெரியும். அந்த டியூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும், பூஞ்சையைப் பரவவிடும், வட்டத்தின் ஓரத்தையும் அழித்துவிடும். இப்போது தோல் டாக்டரே இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்தை அழித்துவிட்டுப் படிக்கச் சொன்னால் யார்தான் படிப்பது?

நான் தொழுநோய் ஆய்வாளராக இருந்தவன். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே, ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். ஊரில் எனக்கு 'லெப்ரசி சார்' என்று பெயர். கையில் பெரிய கருவி ஏதும் கிடையாது. வெயிலும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும்தான். ஆளை வாசலுக்கு அழைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பி நிறுத்துவேன். வீட்டுக்குள் குண்டு பல்பில் பார்த்தால் மங்கலான திட்டு கண்ணுக்குத் தப்பிவிடும்.

வெளுத்ததெல்லாம் ஒன்றல்ல. வியர்க்கிற காலத்தில் முதுகிலும் மார்பிலும் வரும் தேமலை நகத்தால் சுரண்டினால் தவிடுபோல் உதிரும். பிள்ளைகளின் கன்னத்தில் வறண்ட மங்கல் திட்டு வந்தால், "வயித்துல பூச்சி" என்று மாத்திரை கொடுப்பார்கள்; பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் தானே மறையும். வெண்புள்ளி பாலாக வெளுக்கும். தொட்டால் உணர்ச்சி இருக்கும், யாருக்கும் ஒட்டாது. பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்தால் ஸ்டிக்கர் பசையைச் சந்தேகிக்கலாம்.

தொழுநோய்த் திட்டு பாலாக வெளுக்காது. மங்கலாகவோ சற்றுச் சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனாலேயே யாரும் வைத்தியம் தேடுவதில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொடுவேன். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த ஒரு அம்மா, சுற்றிலும் தொட்ட இடத்தையெல்லாம் சரியாகக் காட்டினார். திட்டின் மேல் தொட்டேன். விரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டீங்களா சார்?" என்றார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது பேத்தி வயதுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இது என்னங்க தாத்தா?" என்கிறார்கள். படத்தில் நிறம் தெரியும், மரத்துப்போனது தெரியுமா?

பூசி மறைப்பது டியூபோடு நிற்பதில்லை. அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்கிறோம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளமும் எரிச்சலும் வந்தால், 3 நாளுக்குள் மாத்திரை தொடங்குவதில்தான் பலன் அதிகம். அந்த நாட்களைக் காவி தின்றுவிடுகிறது. கழுத்துப் பிடரி வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்தால், தேங்காய் நாரால் தேய்க்கிறோம். அது அழுக்கல்ல, சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண், அப்புறம் உடம்பில் தொட்டால் உடையும் கொப்புளம் என்றால், அரிதாக வரும் பெம்பிகஸாக இருக்கலாம். அதைச் 'சூட்டுக் கொப்புளம்' என்று இளநீரில் ஆற்றப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, கடையில் டியூபும் கிடைக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாவட்ட வாரியாகத் திடீர்ச் சோதனை நடத்தி, அதை மக்களுக்கும் சொல்ல வேண்டும். தொழுநோயிலும் அறிவிப்பு ஒன்று, நிலைமை வேறு. 2005 டிசம்பரில் நாட்டளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டோம் என்றார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்பதுதான் அந்த இலக்கு. நோயே இல்லை என்பதல்ல. இன்னும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 முதல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வருகிறார்களே, அவர்கள் கையில் ஒரு பேனாவையும் கொடுத்து, தோலையும் தவறாமல் பார்க்கச் சொல்லலாம். செலவு பத்து ரூபாய்.

வீட்டில் யாருக்காவது வெளுத்த திட்டு இருந்தால், டியூபைத் திறக்கும் முன் அவரை வாசலுக்கு அழைத்து வாருங்கள். வெயிலில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 6 மாதமோ 12 மாதமோ மருந்து, முழுக்க இலவசம். தொட்டது தெரிந்தாலும், நீங்களாக எதையும் பூசாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.