வக்கீலே நீதிபதிக்கு ஓட்டுப் போடலாமா?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்கின்றன. அங்கே பல மாநிலங்களில் பொதுமக்களே ஓட்டுப் போட்டு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு மாநிலங்களில் மட்டும் சட்டசபை தேர்ந்தெடுக்கிறது. ஒன்று வர்ஜீனியா. மற்றொன்று தென் கரோலினா.

தென் கரோலினாவில் கீழ்சபைக்கு 124 பேர். மேல்சபைக்கு 46 பேர். இந்த 170 பேரும் ஓட்டுப் போடுகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்கு 10 ஆண்டு பதவி. பெரிய வழக்குகளை முதலில் விசாரிக்கும் சர்க்கியூட் கோர்ட்டு நீதிபதிக்கு 6 ஆண்டு. பதவி நீடிக்க வேண்டுமா? மறுபடியும் இதே சபையின் ஓட்டு வேண்டும்.

இங்கேதான் சிக்கல். சட்டசபை உறுப்பினர்களில் பலர் வக்கீல்கள். இன்று சபையில் ஓட்டுப் போடுகிறவர், நாளை அதே நீதிபதி முன் நின்று வாதாடுகிறார். எதிர்த்தரப்பில் ஓர் ஏழை விவசாயி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வக்கீலுக்குச் சபையில் இடம் இல்லை. தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும், தோற்றுப்போன விவசாயி அதை நம்புவாரா?

"அப்படியானால் மக்களே ஓட்டுப் போடட்டுமே!" என்று சொல்வீர்கள். அதிலும் ஆபத்து உண்டு.

மேற்கு வர்ஜீனியா என்பது வேறு மாநிலம். அங்கே மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். மாஸி என்ற நிலக்கரிக் கம்பெனி 5 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2002–ல் அங்கே தீர்ப்பு ஆயிற்று. 2004–ல் நீதிபதி தேர்தல் வந்தது. கம்பெனித் தலைவர் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக சுமார் 30 லட்சம் டாலரைக் கொட்டினார். அந்த வேட்பாளர் வெற்றி பெற்றார். பிறகு அப்பீலை விசாரிக்கவும் உட்கார்ந்தார்! 3–2 என்ற கணக்கில் நஷ்டஈடு ரத்து ஆனது.

"அவர் விலகியிருக்க வேண்டும்" என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2009–ல் சொன்னது. அதிலும் 9 நீதிபதிகளில் 4 பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே, சட்டசபை தேர்ந்தெடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் பணம் திரட்டும் வேலை நீதிபதிக்கு இல்லை. ஆனால், கோர்ட்டில் வழக்கு நடத்தும் உறுப்பினர்கள் இந்த ஓட்டெடுப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும்.

தென் கரோலினாவில் முதலில் ஒரு குழு ஆட்களைச் சலித்து எடுக்கும். முன்பு அதில் 10 பேர். அவர்களில் 6 பேர் சட்டசபைக்காரர்கள். 2024–ல் சட்டத்தைத் திருத்தினார்கள். குழு 12 பேர் ஆனது. 4 பேரைக் கவர்னர் நியமிக்கிறார். நல்லதுதான். ஆனால், கடைசி ஓட்டு அதே 170 பேரிடம்தான்.

ஒதுங்க மனம் இல்லாத வக்கீல், உறுப்பினராக இருக்கும் வரையில் அந்த மாநிலக் கோர்ட்டுகளில் ஆஜராகாமல் இருக்கட்டும். வருமானம் போய்விடும் என்பார்கள். போகட்டுமே!