சொல்லை வெட்டாதீர், பெட்டியைத் திருத்துங்கள்

துறையூரிலிருந்து மேற்கே போனால் கொல்லிமலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. மேலே ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, கீழே இறங்கிப் பாறைகளுக்கிடையே ஓடும் இடம். ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையேறினால் நாமக்கல் மாவட்டம். நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் மாணவர்கள் சிலர் இப்பகுதியின் ஊர்ப்பெயர்களையும் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்து ஒரு சிறு இணையதளம் அமைக்க முயன்றார்கள். தொகுப்பு வேலையே ஓராண்டு ஓடியது. தளத்தை வடிவமைத்துத் தர ஓர் இளைஞரை ஏற்பாடு செய்தோம். அவர் காட்டிய முதல் பக்கத்தின் தலைப்பில், இணைப்புகள் வரிசையாக நிற்கும் பட்டியில், ஐந்து சொற்கள் ஒழுங்காக நின்றன. ஆறாவதான 'புளியஞ்சோலை' இடமில்லாமல் அடுத்த வரிக்குச் சரிந்து, கீழே இருந்த அருவிப் படத்தின் மேல் கிடந்தது.

"சார், தமிழ் வார்த்தை எல்லாம் ரொம்ப நீளம். கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தீங்கன்னா சரியா உட்கார்ந்துடும்" என்றார் அவர். 'பு.சோலை' என்று போடலாமா என்றும் கேட்டார்.

மறுத்தேன். அடுத்த வாரம் வேறு விதமாகச் செய்து வந்தார். ஆறு பெட்டிகளும் ஒரே அகலம். அடங்காத சொல் எந்த இடத்திலும் உடையலாம் என்று கட்டளை. இப்போது முதல் வரியில் 'புளிய' என்றும் இரண்டாம் வரியில் 'ஞ்சோலை' என்றும் இருந்தது. அதையும் மறுத்தேன். மூன்றாம் முறை எழுத்தைச் சிறிதாக்கி, பட்டி மெலிதாகத் தெரிய வேண்டும் என்று உயரத்தையும் இறுக்கி, வெளியே நீட்டுவதை மறைத்துவிடச் சொல்லியிருந்தார். சொல் ஒரே வரியில் அடங்கிவிட்டது. ஆனால் மேலே புள்ளி போயிற்று. கீழே உகரத்தின் கால் போயிற்று. திரையில் இருந்தது 'பளியஞசோலை'. அந்த ஊரிலிருந்தே வந்து படிக்கும் மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊர் பேரு இது இல்லைங்க ஐயா."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் செய்த மூன்றையும் தமிழ்த் தளங்களில் நாள்தோறும் பார்க்கிறோம். சரிந்து விழும் கடைசி இணைப்பு, நடுவில் முறியும் சொல், தலையும் காலும் வெட்டப்பட்ட எழுத்து. இவற்றைப் பார்த்துப் பழகிய நாமே "தமிழ் நீளமான மொழி, என்ன செய்வது?" என்று சொல்லிக்கொள்கிறோம். இலக்கியத் தளம் நடத்தும் நண்பர்கள்கூட இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். என் கட்சி இதற்கு நேர் எதிரானது. பட்டியில் தமிழ்ச் சொல் அடங்கவில்லை என்றால் குறை பட்டியின் அளவில் இருக்கிறது, சொல்லில் இல்லை. திருத்த வேண்டியது பெட்டியை.

*

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். புளி என்பது மரப்பெயர். அது வேறொரு சொல்லோடு சேரும்போது இடையில் 'அம்' என்னும் சாரியை வரும். புளியமரத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அம் சாரியை என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தனி நூற்பாவே இருக்கிறது. அந்தச் சாரியையின் மகரம், அடுத்து வரும் சகரத்துக்கு இனமாகத் திரிந்து ஞகர ஒற்றாகிறது. புளி, அம், சோலை மூன்றும் சேர்ந்து புளியஞ்சோலை. அவ்வூரில் கடை வைத்திருப்பவருக்கு இந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் வாய் அதைத் தவறாமல் சொல்லும்.

இனி வெட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள். 'புளிய' என்று நிறுத்தி 'ஞ்சோலை' என்று தொடங்கினால், வரி மெய்யெழுத்தில் தொடங்குகிறது. தனி மெய் மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணத்தின் அரிச்சுவடி. பழைய அச்சகங்களில் வரியின் தலையில் புள்ளியெழுத்து வந்தால் மெய்ப்புத் திருத்துபவர் பொறுக்கமாட்டார். உலாவிக்கு அந்த உணர்வு கிடையாது. 'பிரேக்-ஆல்' என்று ஆணையிட்டால் எந்த இரண்டு எழுத்துக்கிடையிலும் அது உடைக்கும். 'முகப்பு' என்பதை 'முக' என்றும் 'ப்பு' என்றும் பிரிக்கும். ஆணையிட்டவர் மனிதர் என்பதால்தான் இதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

மூன்றாவது வெட்டு இன்னும் மோசமானது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். மெய்யா, உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர் இடம் பார்த்து உணர வேண்டும். சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று. அச்சு வந்து புள்ளியை நிலைப்படுத்தியது. இப்போது நான்கு பிக்சல் மிச்சம் பிடிப்பதற்காகப் புள்ளியை மறுபடியும் இழக்கிறோம்.

*

தமிழ் நீளமான மொழி என்ற வாதத்தை எண்ணிப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'ஹோம்' நான்கு எழுத்து. முகப்பு என்பதும் நான்கு எழுத்துதான். 'கான்டாக்ட்' அங்கே ஏழு எழுத்து, தொடர்புக்கு ஆறு. புளியஞ்சோலையும் ஆறே எழுத்து. எண்ணிக்கையில் தமிழ் நீளமில்லை. அகலத்தில்தான் வேறுபாடு. 'சோ' என்ற ஓரெழுத்து கொம்பு, சகரம், கால் என மூன்று வடிவங்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. 'லை' இரண்டின் இடத்தை எடுக்கிறது. கணினியோ வேறு கணக்கு வைத்திருக்கிறது: யூனிகோடில் புளியஞ்சோலை 11 குறியீடுகள். நாம் ஆறு என்கிறோம், நிரல் பதினொன்று என்கிறது, கண் இன்னும் அகலமாகக் காண்கிறது. இந்த மூன்று கணக்கும் வேறு வேறு என்று தெரியாமல் அளந்த பெட்டியில் தமிழ் எப்படி அடங்கும்?

இது தமிழின் தனிக்குறையும் அல்ல. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள வழிகாட்டுக் கட்டுரை ஒன்றில், ஐ.பி.எம். நிறுவனத்தின் அட்டவணை எடுத்தாளப்பட்டிருக்கிறது. பத்தெழுத்துக்கு உட்பட்ட ஆங்கிலச் சொற்களை ஐரோப்பிய மொழிகளுக்குப் பெயர்க்கும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இடம் தேவைப்படலாம் என்கிறது அது. 'வியூஸ்' என்ற ஐந்தெழுத்து இத்தாலியத்தில் 'விசுவலிட்ஸாட்ஸியோனி' என்று பதினைந்து எழுத்தாகிறது. இத்தாலியர்கள் அதற்காகத் தம் மொழியைக் குறை சொல்வதாகத் தெரியவில்லை. ஒரு பட்டி ஒரே ஒரு மொழியை மனத்தில் வைத்து அளக்கப்பட்டால் பிற மொழிகள் எல்லாம் அதில் 'நீளமாக'த்தான் தெரியும்.

*

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். என்ற பாணித்தாள் மொழி, ஹோகன் வியூம் லீ என்பவர் 1994இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. 1996 டிசம்பரில் அதன் முதல் வடிவம் பரிந்துரையாக வெளிவந்தது. அதன் அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு: உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு. தோற்றத்தை மாற்ற உள்ளடக்கத்தைத் தொட வேண்டியதில்லை என்பதற்காகவே அது பிறந்தது. அப்படியிருக்க, பட்டி அழகாக அமையவேண்டும் என்று சொல்லைச் சுருக்கித் தரும்படி கேட்பது தமிழுக்கு மட்டுமல்ல, அந்தத் தொழில்நுட்பத்துக்கும் துரோகம்.

தளம் நடத்தும் நண்பர்கள் தம் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். நான் கணினிக்காரன் அல்லன். எங்கள் தளத்துக்காக அந்த இளைஞரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

ஒன்று, பெட்டிக்கு அகலத்தைப் பிக்சலில் நிர்ணயிக்காதீர்கள். சொல்லின் இருபுறமும் 'பேடிங்' என்ற உள்வெளியை மட்டும் கொடுங்கள். சொல் எவ்வளவோ அவ்வளவு பெட்டி. உயரத்துக்கும் குறைந்தபட்ச அளவு மட்டும் போதும், உச்சவரம்பு வேண்டாம்.

இரண்டு, பழைய 'ஃப்ளோட்' முறையைக் கைவிடுங்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த வசதி அது. வேறு வழியில்லாத காலத்தில் பட்டிக்குப் பயன்பட்டது. இடம் போதாதபோது கடைசி இணைப்பு சரிந்து விழுவது அதன் இயல்பு. உயரம் நிர்ணயிக்கப்பட்ட பட்டியில் அது கீழே இருப்பதன்மேல் போய்க் கிடக்கும். 'ஃப்ளெக்ஸ்' முறை 2015 வாக்கிலேயே முக்கிய உலாவிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. அதில் 'ராப்' என்று ஒரு சொல் சேர்த்தால், இடமில்லாதபோது இணைப்புகள் அடுத்த வரிசைக்குச் செல்லும். பட்டியும் கூடவே உயர்ந்து இடம் கொடுக்கும்.

மூன்று, 'பிரேக்-ஆல்' வேண்டவே வேண்டாம். இயல்பாக விட்டால் உலாவி சொற்களுக்கு இடையில்தான் உடைக்கும். மிக நீண்ட கூட்டுச்சொல் உடைந்தே தீரவேண்டும் என்றால், எங்கே உடையலாம் என்பதைத் தமிழ் தெரிந்தவர் குறித்துக் கொடுக்கவேண்டும். அதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. 'புளியஞ்' என்பதற்குப் பின் அதை வைத்தால் 'சோலை' கௌரவமாக அடுத்த வரிக்குப் போகும்.

நான்கு, வரி உயரம் எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. அதையும் பிக்சலில் சொல்லாமல் வெறும் எண்ணாகச் சொன்னால் எழுத்து பெரிதாகும்போது அதுவும் கூடவே வளரும். வெளியே நீட்டுவதை மறைக்கும் 'ஓவர்ஃப்ளோ ஹிட்டன்' என்ற ஆணையைப் பட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். புள்ளியும் காலும் பிழைக்கும்.

ஐந்து, ஆங்கிலப் பட்டிகளில் எழுத்துகளை விலக்கி விலக்கி வைப்பது ஒரு நாகரிகம். தமிழில் அது 'மு க ப் பு' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாலபாடமாகிவிடுகிறது. அந்த இடைவெளியைச் சுழியாக்குங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால், தமிழுக்கு மட்டும் தனி விதிகள் எழுதவும் சி.எஸ்.எஸ்.ஸில் வழியிருக்கிறது.

எங்கள் தளத்தில் இந்த மாற்றங்களுக்கு ஒரு மாலை நேரம் ஆயிற்று. கணினித் திரையில் ஆறு இணைப்புகளும் ஒரே வரிசையில் நின்றன; கைபேசியில் இரண்டு வரிசை. அவ்வளவுதான். "இதுக்குத்தான் சார் மூணு வாரம் அலைஞ்சேன்" என்று அந்த இளைஞரே சிரித்தார்.

*

மறுப்பு ஒன்று வரும். அதில் நியாயமும் உண்டு. பட்டியில் சொற்கள் சுருக்கமாக இருப்பது நல்லதில்லையா? நல்லதுதான். 'எங்களைத் தொடர்புகொள்வதற்கான வழிகள்' என்று எழுதுகிறவருக்காக நான் வாதாடமாட்டேன். 'தொடர்புக்கு' போதும். சொற்சுருக்கம் நம் மரபுக்குப் புதிதல்ல. ஆனால் எதைச் சுருக்கலாம் என்பதைப் பொருள் தீர்மானிக்க வேண்டும்; எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும். யாரோ எங்கோ ஆங்கிலத்துக்காக அளந்த பெட்டி தீர்மானிக்கக்கூடாது. ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் நூற்பெயரையும் சுருக்க யாருக்கும் உரிமையில்லை.

மூன்று கோடுகளுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்பார்கள் சிலர். கைபேசியில் சரி. அங்கே சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் தமிழுக்கு வசதியும்கூட. அகன்ற திரையிலும் அப்படிச் செய்வது விருந்தாளிக்கு இலை போடாமல் சமையலறைக் கதவைக் காட்டுவதுபோல. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 'அண்மைய மாற்றங்கள்' என்ற இணைப்பை அங்கே யாரும் 'அ.மாற்றம்' ஆக்கவில்லை. 2010 முதல் பல்லாண்டுகள் அங்கிருந்த தோற்றத்தில், திரை குறுகினால் மேற்பட்டியின் சில இணைப்புகள் ஒரு கீழிறங்கு பட்டிக்குள் போய் ஒதுங்கும், சொல் சிதையாது. பல மொழிகளுக்கென்று யோசித்துச் செய்தால் இது முடியும்.

கருவிக்காக எழுத்து மாறியதே இல்லையா என்றும் கேட்கலாம். மாறியது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழக அரசு 1978இல் அவற்றில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. இடையில் நாற்பதாண்டுக்கும் மேலான விவாதம். ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் பெயர் சொல்லி, காரணம் சொல்லி வாதிட்டார்கள். இன்னொரு பக்கம், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, கருவியைத் தமிழுக்கேற்ப வளைத்துத் தட்டச்சுப்பொறி அமைத்தார். ஒன்று, சமூகம் கூடிப் பேசி எழுத்தை மாற்றுவது. மற்றது, உழைத்துக் கருவியை மாற்றுவது. இரண்டும் மரியாதைக்குரியவை. இப்போது நடப்பது இரண்டுமல்ல. விலையில்லாமல் கிடைத்த ஒரு வார்ப்புரு யாரையும் கேட்காமல் நம் புள்ளியைக் கழித்துவிடுகிறது. நாம் "தமிழ் நீளம்" என்று அதற்குச் சமாதானமும் சொல்கிறோம்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை நீளமாகவும் உயரமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சுருக்கிக் கொடுங்கள் என்று சாலை போட்டவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. சாலையை வளைத்தார்கள்.

இதைப் படிக்கும் நண்பர்களில் தளமோ இதழோ நடத்துகிறவர்கள், இன்றிரவு தம் முகப்புப் பக்கத்தைக் கைபேசியில் ஒருமுறை, பெரிய திரையில் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தச் சொல் விழுந்திருக்கிறது, எந்தப் புள்ளி காணவில்லை என்று எண்ணுங்கள். பிறகு வடிவமைப்பாளரை அழையுங்கள். அவர் சொல்லைச் சுருக்கித் தரச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள்.