மாற்றுச் சிறுநீரகத்துக்கு மருந்துக்கடையிலும் காவல் வேண்டும்

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு, உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்த மரியாதை முழுமை பெற வேண்டுமானால், கொடுக்கப்பட்ட உறுப்பு பெற்றவர் உடலில் நெடுங்காலம் இயங்குவதற்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும்.

மாற்று உறுப்பை உடல் அயலானதாகக் கருதித் தாக்காதிருக்க, டாக்ரோலிமஸ் போன்ற, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளி தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருப்பதால், பிறருக்கு எளிதில் ஆறிவிடும் சிறுநீர்த்தொற்றும் அவருக்கு இரத்தத்தில் பரவி உயிருக்கு உலைவைக்கக்கூடும். கார்பபெனம் என்னும் வலிமை மிக்க மருந்து வரிசைக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா தொற்றினால், மருத்துவர் கையில் எஞ்சும் மிகச் சில மருந்துகளுள் ஒன்றான கொலிஸ்டின் சிறுநீரகத்தையே சேதப்படுத்தக்கூடியது. எந்த உறுப்பைக் காக்க மருந்து ஏற்றப்படுகிறதோ, அதுவே அம்மருந்தால் கெடக்கூடும் என்பது கொடிய இக்கட்டு. கார்பபெனத்தைச் சிதைக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்-1) நொதியை உடைய பாக்டீரியாக்கள் சென்னையில் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு 2010-லேயே காட்டியது. அந்நொதியின் பெயரில் தில்லி இடம்பெற்றது பற்றிய சர்ச்சைதான் அன்று பெரிதாக ஒலித்தது.

திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டியைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரகம் பெற்று ஊர் திரும்பினால், அவரைச் சூழ்ந்திருப்பது அவ்வூரின் நீரும் அண்டை அயலாரின் கைகளுமே. சளிக்காய்ச்சலுக்கு மருத்துவர் சீட்டின்றி ஒருவர் இரண்டு நாளைக்கு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை, வைரசால் வரும் அக்காய்ச்சலைத் தணிப்பதில்லை. அவர் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை மட்டும் தங்கவிடுகிறது, அவை கைவழியும் நீர்வழியும் பிறரை அடைகின்றன.

2014 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணை, செஃபிக்சிம் என்னும் ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடை, சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே புதுச் சட்டம் தேவையில்லை. மருந்து ஆய்வாளர்கள் அப்பதிவேட்டைத் தவறாமல் சரிபார்த்தாலே போதும், அதற்கேற்ற எண்ணிக்கையில் ஆய்வாளர்களை அரசு அமர்த்த வேண்டும்.

உறுப்பு மாற்றம் பெற்றவருக்குக் காய்ச்சல் கண்டால், முதல் ஊசிக்கு முன்பே சிறுநீரும் இரத்தமும் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் எனக் கண்டறியும் சோதனைக்கு, எடுக்கப்பட வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் அது எந்நேரமும் இலவசமாகக் கிடைப்பது உறுதிசெய்யப்பட வேண்டும். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற விவரத்தைக் கேரளம் மாநில அளவில் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று உரிமம் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை, உரிமம் புதுப்பிப்பதற்கான நிபந்தனையாகவே அரசு சேர்க்க வேண்டும்.