ஒரே வயரில் இரண்டு வலையமைப்புகள்



வீட்டிலிருந்தபடியே தையல், கேக் என்று தொழில் செய்யும் உங்களில் பலர் இன்று வரவு செலவையும் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கங்களையும் கணனியில்தான் வைத்திருக்கிறீர்கள். வாசலில் பூட்டிய மலிவான கமெரா, பிள்ளைகளின் டெப், விருந்தினரின் தொலைபேசி எல்லாம் இணைந்திருப்பதும் அதே ரவுட்டரில்தான். அவற்றுள் ஒன்று தீயவர் கைவசமானால், உங்கள் கணக்குகளுக்கும் அவருக்கும் இடையே நிற்பது கணனியின் சொந்தத் தடுப்பு மட்டுமே.

இவற்றைப் பிரித்து வைக்கும் வழிகளில் ஒன்றுதான் 'வீலேன்'. வயர் ஒன்றாகவே இருக்கும். அதில் செல்லும் ஒவ்வொரு தகவல் பொதியிலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு செருகப்படும். சீட்டிலுள்ள இலக்கம் அப்பொதி எந்த வலையமைப்புக்குரியது என்று சொல்லும். 1998ஆம் ஆண்டின் 802.1கியூ என்ற தராதரப்படி 1 முதல் 4094 வரையான இலக்கங்களைப் பாவிக்கலாம்.

விண்டோஸ் கணனியில், நெட்வேர்க் கார்டின் மேலதிக அமைப்புகளுக்குள் 'வீலேன் ஐடி' என்றொரு கட்டம் பல கார்டுகளில் உண்டு. அதில் 10 என்று இட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. வயரின் மறுமுனையிலுள்ள சுவிட்சுக்கும் அந்த இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இணையம் நின்றுவிடும். (அப்படி நின்றால் பதற வேண்டாம், கட்டத்தில் முன்பிருந்த இலக்கத்தை, பெரும்பாலும் 0, திரும்ப இடுங்கள்.) கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண சுவிட்ச் இவ்வேலைக்கு உதவாது. அமைப்புகளை மாற்றக்கூடிய 'மெனேஜ்ட்' வகை வேண்டும். ரவுட்டரும் வீலேனை அறிந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டு என்பது பூட்டு அல்ல. சீட்டுள்ள பொதிகளை ஏற்கும் துளையில் பொருத்திய எந்தக் கருவியும் உங்கள் இலக்கத்தைத் தானும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே கமெரா பொருத்திய துளையை ஒரே வீலேனுக்கு மட்டும் என்று சுவிட்சிலேயே கட்டிவிட வேண்டும். உங்கள் கணனிக்கும் அதுவே போதும்; கார்டில் கைவைக்கவே தேவையில்லை.

அப்படியானால் கார்டில் இலக்கமிடுவது யாருக்கு? ஒரே கணனி இரண்டு வலையமைப்பிலும் நிற்க வேண்டியவர்களுக்கு. லினக்ஸில் ஒரு கார்டின் மேல் பல வீலேன்களை அமைத்து ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுக்கலாம். ஆனால் அக்கணனி இரு பக்கமும் திறந்த வீடு போன்றது. அதற்குள் ஒருவன் நுழைந்தால் இரண்டு பக்கமும் போய்விடுவான். கணக்குக் கணனியை அவ்வாறு வைப்பதை நான் விரும்பமாட்டேன்.

இவ்வளவு செலவும் வேண்டாம் என்பவர்கள், ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கமெராவையும் அதிலேயே போட்டுவிடலாம். பின்பு உங்கள் தொலைபேசியை அந்த வைஃபையில் இணைத்து, கணனியில் நீங்கள் பகிர்ந்திருக்கும் கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். திறந்தால் ரவுட்டரில் பிரிப்பு இன்னும் நடக்கவில்லை.