மஞ்சள் இலைக்கெல்லாம் இரும்பு மருந்தல்ல

மீன்தொட்டிச் செடியில் இலை மஞ்சளானால் இரும்பு உரத்தை ஊற்று, சரியாகிவிடும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். இதை ஏற்க முடியாது. எந்த இலை மஞ்சளாகிறது என்று அவர் கேட்கவே இல்லையே!

ஓர் இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் இன்னோர் இலைக்கு எளிதில் நகர்த்த முடியாது. அதனால் இரும்புக் குறை முதலில் கொழுந்தில்தான் தெரியும்: நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறிப்போகும். நைட்ரஜன் அப்படியல்ல. பற்றாக்குறை வந்ததும் முதிர்ந்த இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் செடி. அடியிலைகள் முழுசாக மஞ்சளடித்து உதிர்ந்தால் நைட்ரேட் அளவைச் சோதியுங்கள். செடி அடர்ந்து மீன் குறைந்த தொட்டிகளில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடுவதுண்டு. முதிர்ந்த இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள், சுற்றிலும் மஞ்சள் என்றால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம்.

கொழுந்தே வெளிறினாலும் உரத்தில் இரும்பு எந்தச் சேர்மத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிஎச் 7-க்கு மேலே போன போர்வெல் தண்ணீரில் ஈடிடிஏ வகை நிலைக்காது. டிடிபிஏ வகை ஓரளவு தாங்கும்.

புதுச்செடி விஷயமே வேறு. பண்ணைகளில் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்த்தவை என்பதால், மூழ்கியதும் பழைய இலைகளைக் கைவிடும். கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகவே கரையும். வேர் கெட்டியாக இருந்தால் பிடுங்காதீர்கள், உரத்தையும் கூட்டாதீர்கள். அழுகியதைக் கத்தரித்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டுக் காத்திருங்கள். சில வாரங்களில் புது இலை வரும்.